யுக்த விஹாரம்

கோடை விடுமுறை நெருங்கும்போது பக்தியுள்ள குடும்பங்களில் ஒரு சிறு தர்க்கம் எழுவதுண்டு. கையில் இருப்பதோ ஒரு வாரம். அதைத் தீர்த்த யாத்திரைக்குச் செலவிடுவதா, குளிர்ந்த மலைப்பிரதேசம் ஒன்றில் ஓய்வாகக் கழிப்பதா? பெரியவர்கள் பத்ரிநாத்தையும் புரியையும் சொல்வார்கள். குழந்தைகள் படகையும் குதிரையையும் பனிச்சிகரத்தையும் சொல்வார்கள். முடிவில் பெரும்பாலும் ஒரு சமரசம் ஏற்படுகிறது: காலையில் கோயில், மாலையில் படகு. சமரசம் நல்லதுதான். ஆனால் அதன் அடியில் ஒரு கேள்வி யாராலும் கேட்கப்படாமலே தங்கிவிடுகிறது. ஆன்ம முன்னேற்றத்தை நாடும் ஒருவருக்குப் பொழுதுபோக்கு என்பது சாஸ்திரங்கள் கண்டும் காணாமல் விட்டுவிடும் ஒரு பலவீனமா, அல்லது அவரது சாதனை வாழ்வுக்குள்ளேயே அதற்கென்று ஓர் இடம் உண்டா?

பொழுதுபோக்கின் மீது மிகக் கடுமையான ஐயத்தை எழுப்பியவர்களுள் ஒருவர், 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தத்துவஞானி பிளேஸ் பாஸ்கல். தன் அறையில் தனியே அமைதியாக உட்கார்ந்திருக்க மனிதனால் இயலவில்லை; அவனுடைய துன்பங்களெல்லாம் அந்த இயலாமையிலிருந்தே பிறக்கின்றன என்பது அவரது துணிபு. முயல் வேட்டைக்குச் செல்பவனை அவர் உதாரணம் காட்டுகிறார். அதே முயலை யாரேனும் இலவசமாகக் கொடுத்தால் அவன் ஏற்கமாட்டான். அவனுக்கு வேண்டியது முயல் அன்று, ஓட்டம். ஓடிக்கொண்டிருக்கும் வரையில் தன்னைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் எண்ண வேண்டியதில்லை அல்லவா?

இந்தக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்றைய மலைவாசஸ்தலம் எதிலும் இதற்குச் சான்று கிடைக்கும். வாடகைக் கார் ஓட்டுநரிடம் 'பாயிண்ட்' என்ற பெயரில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடங்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுவிட்டன. முதல் இடத்தில் நிற்கும்போது மனம் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. இரண்டாவதில் நிற்கும்போது மதிய உணவில் இருக்கிறது. நகரத்தில் அலுவலகத்தை எந்த வேகத்தில் நடத்தினாரோ, அதே வேகத்தில் ஒருவர் தமது ஓய்வையும் நடத்தி முடித்துக் களைத்துத் திரும்புகிறார். பாஸ்கல் கண்டித்தது இதைத்தான்.

ஆயினும், வெளியே செல்வது அனைத்தும் தன்னிடமிருந்து ஓடுவதுதானா?

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் தியான யோகத்தை விளக்குவது. ஆசனம், மூச்சு, மனத்தை ஒருமுகப்படுத்துதல் ஆகியவற்றைப் பேசிக்கொண்டு வரும் பகவான், 16, 17ஆம் சுலோகங்களில் சட்டென்று அன்றாட வாழ்க்கைக்கு இறங்கி வருகிறார். மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே இருப்பவனுக்கும் இல்லை. மிகுதியாக உறங்குபவனுக்கும் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை. யாருடைய ஆஹாரமும் விஹாரமும் அளவோடு அமைந்துள்ளனவோ, அவனுக்கே யோகம் துயரைத் துடைப்பதாகிறது. உணவுக்கு அடுத்தபடியாக, உழைப்புக்கும் உறக்கத்துக்கும் முன்னதாக, இங்கே விஹாரம் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். உலாவுதல், விளையாடுதல், மகிழ்ந்து பொழுது கழித்தல் ஆகியவற்றையெல்லாம் குறிக்கும் சொல் அது. ஜலவிஹாரம், வனவிஹாரம் என்று வடமொழிக் காவியங்கள் வருணிப்பதும் அதையே. பகவான் இதை விலக்கச் சொல்லவில்லை; 'யுக்தம்' ஆக்கச் சொல்கிறார்.

இச்சொல்லுக்கு ஆதி சங்கரர் எழுதிய உரை மிகவும் சுவையானது. விஹாரம் என்றால் 'பாதக்ரமம்', அதாவது காலடி வைத்து நடத்தல் என்று பொருள் கூறி, உணவும் நடையும் வரையறுத்த அளவு உடையனவாக இருத்தலே யுக்தம் என்கிறார். பாரதம் முழுவதையும் கால்நடையாகவே சுற்றிவந்ததாக மரபு போற்றும் ஒருவர், விஹாரம் என்ற சொல்லுக்கு நடை என்று பொருள் எழுதியது பொருத்தம்தான்.

சொற்களின் வரலாறு இன்னும் ஒன்றைக் காட்டுகிறது. இதே 'விஹாரம்' பௌத்த துறவியரின் மடத்துக்குப் பெயராயிற்று. பீஹார் மாநிலத்தின் பெயரிலும் அதுவே நிற்கிறது. ஓய்வைக் குறித்த 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'ஸ்கூல்' பிறந்தது. தமிழில் 'பள்ளி' என்பது உறங்கும் இடத்தையும் குறிக்கும், சமண பௌத்த துறவியர் வாழிடத்தையும் குறிக்கும், கல்விக்கூடத்தையும் குறிக்கும். வெவ்வேறான மூன்று மொழிச் சூழல்களில் ஓய்வும் அறிவும் ஒரே கூரையின்கீழ் வந்து தங்கியிருப்பது எண்ணத் தக்கது. வேலை தீர்ந்த பின் மிஞ்சும் நேரமே ஓய்வு என்று இன்று கருதப்படுகிறது. அரிஸ்டாட்டில் இதற்கு நேர்மாறாகக் கருதினார்: ஓய்வைப் பெறுவதற்காகவே மனிதன் வேலை செய்கிறான், அந்த ஓய்வில் அவன் என்ன செய்கிறான் என்பதே அவனது தரத்தைக் காட்டுகிறது.

பக்தி மரபோ இன்னும் துணிந்தது. புரியில் அட்சய திருதியை அன்று சந்தன யாத்திரை தொடங்குகிறது. 21 நாட்கள் உற்சவ மூர்த்திகள் நரேந்திர சரோவரத்துக்கு எழுந்தருளி, அலங்கரித்த படகுகளில் பவனி வருகிறார்கள். கோடை வெப்பத்தில் இறைவனுக்கே படகுப் பயணம் தேவைப்படும் என்று கருதிய ஒரு சமயத்துக்கு, மனிதனின் படகுப் பயணம் பாவமாகத் தோன்ற நியாயமில்லை.

ஆகவே விஹாரம் கூடுமா என்பது கேள்வியன்று. எது யுக்தம் என்பதே கேள்வி. இதைப் பொதுப்படப் பேசினால் பேச்சு வழுக்கிக்கொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட ஏரியின் கரையில் நிறுத்திப் பார்ப்பதே நல்லது.

உத்தராகண்டின் குமாவூன் மலைகளில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,940 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நைனி ஏரி. நீளம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர், அகலம் அரை கிலோமீட்டருக்கும் குறைவு, மிக ஆழமான இடத்தில் 27 மீட்டர். தாட்சாயணியின் திருமேனியைச் சிவபெருமான் சுமந்து சென்றபோது அன்னையின் கண் வீழ்ந்த இடம் இது என்பது மரபு. வடகரையில் நைனா தேவியின் ஆலயம் இருக்கிறது. அத்ரி, புலஸ்தியர், புலஹர் என்னும் மூன்று ரிஷிகள் தாகத்தால் வருந்தி இங்கே பள்ளம் தோண்டி, மானசரோவரின் நீரை வரவழைத்தார்கள் என்று ஸ்காந்த புராணத்தைச் சார்ந்த மானஸ கண்டம் கூறுகிறது. மலைமக்கள் ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குக் கூடுவார்கள், வழிபடுவார்கள், திரும்பிவிடுவார்கள். கரையில் ஊர் இருக்கவில்லை. குமாவூனின் ஆங்கிலேய ஆணையராக இருந்த டிரெயில் இந்த ஏரியைக் கண்டிருந்தும், மக்களின் உணர்வை மதித்து அதைப் பற்றி வெளியே பேசாமல் இருந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

1841இல் நிலைமை மாறிற்று. ஷாஜஹான்பூரில் சர்க்கரை வணிகம் செய்துவந்த பாரன் என்ற ஆங்கிலேயர் மலையேறி வந்து இந்த ஏரியைக் கண்டார், மனம் பறிகொடுத்தார். தாம் கண்டதைப் பத்திரிகையிலும், 1844இல் ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டார். விரைவில் மாளிகைகள் எழுந்தன. இந்தப் பெரிய மாறுதலைத் தொடங்கிவைத்தவர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் 'யாத்ரிகர்'. ஏரிக்கரையில் அவர் கட்டிய வீட்டுக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் 'பில்கிரிம்'.

அந்த யாத்ரிகரைப் பற்றி அக்கால ஆங்கிலேயப் பதிவுகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நர் சிங் என்ற உள்ளூர்த் தலைவர் ஏரியின் மீதும் சுற்றியுள்ள நிலத்தின் மீதும் தமக்கு உரிமை உண்டு என்று கூறிவந்தார். பாரன், கீழிருந்து தூக்கிவரச் செய்த படகில் அவரை ஏற்றி ஏரியின் நடுவே அழைத்துச் சென்றார். அங்கே குறிப்பேட்டையும் பென்சிலையும் நீட்டி, உரிமையைத் துறப்பதாகக் கையெழுத்திடும்படி கேட்டார். மறுத்தால் படகு கவிழும் என்றார். நீந்தத் தெரியாத அந்த மனிதர் கையெழுத்திட்டார்.

இது அக்காலத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்பட்டது. இன்றும் சில பயண நூல்கள் அப்படியே சொல்கின்றன. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஏரியைத் தேவியின் கண் என்று கருதிய மக்களிடமிருந்து அது மாற்றாருக்குப் போனது ஒரு படகுச் சவாரியின்போது. ஒருவருக்கு அது உல்லாசம். எதிரே அமர்ந்திருந்தவருக்கு உயிர்ப்பயம். ஒரே படகு, ஒரே நீர்.

பாரனுக்கு அந்த ஏரியின் மீது அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அழகில் உண்மையாகவே உள்ளம் உருகியவர் அவர். இங்கேதான் ஆராய வேண்டிய நுட்பம் இருக்கிறது. ஒன்றை அழகானது என்று உணர்வதற்கும், அதை உடைமையாக்கிக்கொள்ள விழைவதற்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அழகை நுகரும் இன்பம், பொருளை அடைய வேண்டும் என்ற வேட்கையிலிருந்து விடுபட்டது என்று ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியான தமது நூலில் நிறுவினார். மலையின் மகத்துவத்தைப் பற்றி அந்நூலில் அருமையாகப் பேசும் அவர், கிழக்குப் பிரஷ்யாவின் சமவெளியை விட்டு வெளியே சென்றதே இல்லை. தமது நகரத்தின் வீதிகளில் நாள்தோறும் குறித்த நேரத்தில் உலாவியதோடு சரி. பெரிய மலைகளைக் கண்ணால் காணாமலே அவற்றைப் போற்ற முடிந்தவர், வேட்கையற்ற இரசனையைப் பற்றி எழுதத் தகுதி உடையவர்தான்!

ஈசோபநிஷதத்தின் முதல் மந்திரம் இதையே வேறொரு தளத்தில் வைக்கிறது. துறத்தலையும் அனுபவித்தலையும் எதிரெதிராக நிறுத்தாமல், துறப்பினாலேயே அனுபவிக்குமாறு அது பணிக்கிறது. யாருடைய செல்வத்துக்கும் ஆசைப்படாதே என்கிறது. சாதாரணமாக இந்த மந்திரத்தைப் பொருளாசைக்கு எதிரான உபதேசமாக மட்டும் கொள்கிறோம். விடுமுறையில் இருக்கும் மனிதனுக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். அவன் ஏரியை வாங்க வரவில்லை. ஆனால் அதன் கரையில் ஓர் அறையை, சன்னலிலிருந்து தெரியும் காட்சியை, அரைமணி நேரப் படகை வாங்கிவிட்டான். பணம் கொடுத்தாயிற்று என்ற எண்ணம் மனத்தில் நுழைந்த கணத்திலிருந்து, எதிரே இருப்பது அவனுக்குச் சேரவேண்டிய ஒரு பண்டம் ஆகிவிடுகிறது. மேகம் மூடிக்கொண்டு சிகரம் தெரியாவிட்டால் ஏமாற்றப்பட்டதுபோல் கோபப்படுகிறான். மேகம் யாரிடம் ஒப்பந்தம் செய்தது?

நைனிதாலின் கதையில் அடுத்த முக்கியமான நாள் 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 18. இடைவிடாது பெய்த கனமழையில் ஷேர்-கா-டாண்டா மலைச்சரிவு பிளந்து இறங்கியது. முதலில் ஒரு சிறு சரிவு. அதில் சிக்கியவர்களை மீட்கப் பலர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது பெருஞ்சரிவு வந்து அவர்களையும் மூடிற்று. இறந்தவர்கள் 151 பேர். அவர்களில் 108 பேர் இந்தியர்கள். விடுதி ஒன்றும், கேளிக்கை மண்டபமும், நைனா தேவியின் பழைய ஆலயமும் அழிந்தன. ஆலயம் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. சரிந்து வந்த மண்ணும் பாறையும் ஏரியின் வடமுனையில் பரவி, அங்கிருந்த சமதரையை அகலமாக்கின. 'ஃப்ளாட்ஸ்' என்று அழைக்கப்படும் அந்தப் பரப்பில்தான் பிற்காலத்தில் கிரிக்கெட்டும் ஹாக்கியும் கால்பந்தும் ஆடப்பட்டன. பயணிகள் மாலையில் உலாவுகிறார்கள். ஒரு பகுதியில் கார்கள் நிற்கின்றன. விளையாட்டுத் திடலின் ஒரு பகுதி ஒரு மயானத்தின் மண்.

இதைச் சொல்வது யாருடைய மகிழ்ச்சியையும் கெடுப்பதற்காக அன்று. குழந்தைகள் அங்கே ஓடி விளையாடுவது நல்லதே. ஆனால் அந்தப் பேரிடருக்குப் பிறகு ஆங்கிலேய அரசு மலைச்சரிவுகள் எங்கும் கல் பதித்த வடிகால்களை அமைத்தது. மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் ஏரிக்குக் கொண்டுசேர்க்கும் அந்த 'நாலா'க்கள்தாம் இன்றளவும் ஊரைத் தாங்கி நிற்கின்றன. அவற்றில் வீட்டுக் குப்பையும், கட்டட இடிபாடும், பயணிகள் எறியும் பிளாஸ்டிக்கும் விழுகின்றன. மழை அனைத்தையும் ஏரியில் சேர்க்கிறது. ஊர் மக்கள் குடிக்கும் நீரும் அந்த ஏரியைச் சார்ந்ததே. 1995இல் உச்ச நீதிமன்றம் நைனிதாலைப் பற்றிய ஒரு வழக்கில், கழிவுநீர் ஏரியில் கலக்கக் கூடாது, வடிகால்களில் கட்டடப் பொருள்களைக் குவிக்கக் கூடாது, சவாரிக் குதிரைகளின் சாணம் ஏரியை அடையக் கூடாது என்றெல்லாம் உத்தரவிட வேண்டியிருந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் குதிரைச் சாணத்தைப் பற்றிப் பேச நேர்ந்ததை எண்ணிப் பார்த்தால் போதும். 2007இல், உயிர்வளி குன்றிய ஏரியின் அடியில் குழாய்கள் வழியே காற்றைச் செலுத்தும் ஏற்பாடு தொடங்கியது. 2017ஆம் ஆண்டுக் கோடையில் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்து, கரையோரம் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிந்தன. அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கரையோரச் சாலையின் ஒரு பகுதியே ஏரிக்குள் சரிந்தது.

அப்படியானால் பக்தர்கள் அங்கே போகாமல் இருப்பதுதான் தர்மமா? இது எளிய விடை. ஆகவே ஐயத்துக்குரிய விடை. 2020இல் நாடெங்கும் பொதுமுடக்கம் ஏற்பட்டபோது நைனிதாலில் பயணிகள் இல்லை. ஏரி அமைதியாயிற்று. படகுகள் கரையில் கட்டப்பட்டுக் கிடந்தன. துடுப்புப் போடும் குடும்பங்களின் அடுப்பும் அணைந்தே கிடந்தது. ஏரி தூய்மை அடைய வேண்டுமானால் படகுக்காரர் பட்டினி கிடக்க வேண்டும் என்பது ஒரு தர்மம் ஆகாது. தவிர, யாத்திரை என்று பெயர் வைத்துவிட்டால் குற்றம் நீங்கிவிடும் என்பதும் இல்லை. 2013 ஜூனில் கேதார்நாத்தில் மந்தாகினி பெருகி வந்தபோது, நதியின் கரைகளை நெருக்கிக்கொண்டு நின்ற கட்டடங்கள் பல யாத்ரிகர்களுக்காகவே எழுப்பப்பட்டவை. பாரனும் தம்மை யாத்ரிகர் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

எனவே பெயரில் இல்லை வேறுபாடு. பிறகு எதில் இருக்கிறது?

படகில் அமர்ந்திருக்கும் இருவரைக் கவனித்தால் ஒரு விடை கிடைக்கலாம். ஒருவர் ஓய்வில் இருக்கிறார், மற்றவர் உழைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவரது ஓய்வு மற்றவரின் உழைப்பின் மேல் மிதக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் 'டாண்டி' என்னும் நாற்காலியில் சீமாட்டிகளை அமர்த்தி மலைமக்கள் தோளில் சுமந்தார்கள். இன்று தோள் மாறியிருக்கிறது, சுமை இருக்கிறது. மூட்டைகளை நெற்றிப்பட்டையில் தாங்கிச் செங்குத்தான பாதையில் ஏறும் கூலியாட்கள் பலர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள்.

இதில் அநீதி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. எந்த மனிதனையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று காண்ட் சொன்னபோது, 'மட்டும்' என்ற சொல்லை யோசித்தே சேர்த்தார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் கருவியாக அமைவது தவிர்க்க முடியாதது. துடுப்புப் போடுபவர் பயணிக்குக் கருவி. பயணி அவரது பிழைப்புக்குக் கருவி. தவறு எங்கே தொடங்குகிறதென்றால், அந்த அரைமணி நேரத்தில் எதிரே இருப்பவர் படகின் ஒரு பாகமாகத் தோன்றத் தொடங்கும்போது. பேரம் பேசும்போது மட்டும் அவரது முகத்தைப் பார்த்து, பிறகு அவரது முதுகுக்குப் பின்னால் உள்ள காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தால், அது யுக்தம் ஆகாது. கொடுத்த கூலி நியாயமானதாகவே இருந்தாலும் ஆகாது.

காண்ட் மனிதரோடு நிறுத்திக்கொண்டார். ஏரியையும் குதிரையையும் அவர் அந்த விதிக்குள் கொண்டுவரவில்லை. அவற்றின்பால் காட்டும் கொடுமை மனிதனின் குணத்தைக் கெடுக்கும் என்பதோடு அமைந்தார். பாரத மரபு இங்கே ஓரடி மேலே செல்கிறது. அது வைத்த பெயரே சான்று. ஏரிக்குப் பெயர் கண். உல்லாசப் பயணி ஏரியைப் பார்க்க வருகிறார். அவர் பார்க்க வந்ததோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று. ஆலயத்தில் தரிசனம் என்பது பக்தர் தேவியைக் காண்பது மட்டும் அன்று, தேவியின் பார்வை தம்மேல் படும்படி நிற்பதும் ஆகும். அதனால்தான் கூட்டத்திலும் ஒரு கணமேனும் கண் திறந்து, ஒதுங்காமல், நேரே நிற்க விழைகிறார். நைனிதாலில் அந்தக் கண் கருவறைக்குள் மட்டும் இல்லை. ஊர் முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அறிந்தவன் கையிலுள்ள காலிப் பொட்டலத்தை எறிவதற்கு முன் சற்றுத் தயங்குவான். இது அச்சத்தால் விளையும் தயக்கம் அன்று. அன்னையின் எதிரில் குழந்தைக்கு உண்டாகும் கூச்சம்.

இத்தகைய பார்வைக்குப் பழக விரும்புபவருக்கு, சங்கரர் காட்டிய பாதக்ரமமே நல்ல வழி. ஏரியின் கிழக்குக் கரையில் மால் ரோடு. கடைகளும் விடுதிகளும் வாகனங்களும் அங்கே. மேற்குக் கரையில் 'தண்டி சடக்', குளிர்ந்த சாலை. நடப்போருக்கான நிழல் சூழ்ந்த பாதை அது. இடையில் பாறை வடிவில் அன்னை வழிபடப்படும் பாஷாண தேவி கோயில் இருக்கிறது. இரு கரைகளையும் சேர்த்து ஒருமுறை சுற்றிவர, மெல்ல நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாம். நைனா தேவி ஆலயத்தில் தொடங்கி அங்கேயே முடித்தால் அதைப் பிரதட்சிணம் என்றும் சொல்லலாம், உலா என்றும் சொல்லலாம். கால்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அளவு மட்டும் தெரியும். எத்தனை அடி வைத்தால் களைப்பு, எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை வாகனம் சொல்லாது, கால் சொல்லும்.

குமாவூன் மலைகளில் இப்படி நடந்தவர்களுள் இருவரை நினைவுகூரலாம். 1890இல் சுவாமி விவேகானந்தர், சுவாமி அகண்டானந்தருடன் நைனிதாலிலிருந்து அல்மோராவுக்குக் கால்நடையாகச் சென்றார். வழியில் காக்ரிகாட் என்ற இடத்தில் ஆற்றங்கரை அரசமரத்தடியில் அமர்ந்தபோதுதான் அண்டமும் பிண்டமும் ஒரே திட்டத்தில் அமைந்தவை என்ற பேருண்மை அவருக்குத் தியானத்தில் விளங்கியது. காக்ரிகாட் எந்தப் பட்டியலிலும் 'பாயிண்ட்' ஆக இருந்திராது. நடப்பவர் இளைப்பாற நின்ற இடம், அவ்வளவே. 1929 ஜூனில் மகாத்மா காந்தி நைனிதால், அல்மோரா வழியாகக் கௌசானிக்கு வந்தார். சிறிது ஓய்வு கிடைக்கும் என்று வந்த அவ்விடத்தில் திட்டமிட்டதைவிடக் கூடுதலான நாட்கள் தங்கி, தமது குஜராத்தி கீதை மொழிபெயர்ப்பான அனாசக்தி யோகத்துக்கு முன்னுரை எழுதி முடித்தார். பற்றின்மையைப் பற்றிய அந்த முன்னுரை ஒரு மலைவாசஸ்தலத்தில், பனிச்சிகரங்களின் எதிரில் நிறைவு பெற்றது. ஓய்வு அவரை வேலையிலிருந்து விலக்கவில்லை. வேலையின் அவசரத்தை மட்டும் விலக்கிற்று.

எல்லோரும் மலையில் தங்கி நூல் எழுத வேண்டும் என்பதில்லை. ஆண்டு முழுவதும் ஆலையிலும் அலுவலகத்திலும் சமையலறையிலும் உழைத்தவர்கள், ஒன்றும் செய்யாமல் ஒரு நாள் முழுவதும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே பெரிது. குடும்பத் தலைவிகளுக்கு இது மிகவும் பொருந்தும். பல குடும்பங்களின் விடுமுறையில், விடுதி அறையிலும் துணி உலர்த்திக் குழந்தைக்கு ஊட்டி மருந்து கொடுத்து நிற்பவர் அவர்தான். வீட்டில் ஒருவருக்கு மட்டும் விஹாரம் இல்லை என்றால் மற்றவர்களின் விஹாரம் யுக்தமாயிற்று என்று எப்படிச் சொல்வது?

நைனி ஏரிக்குச் சற்று மேலே, காலாதூங்கி செல்லும் சாலையில், சூகாதால் என்ற ஒரு பள்ளம் இருக்கிறது. பெயரின் பொருள் வறண்ட ஏரி. மழைக்காலத்தில் அதில் நீர் தேங்கும். பிறகு மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கும் நீர்தான் பாறை இடுக்குகளின் வழியே சென்று, கீழே உள்ள ஏரிக்குக் கணிசமான ஊற்றாகிறது என்பது நிலநீர் ஆய்வாளர்கள் கண்டது. வறண்ட மாதங்களில் பார்ப்பவருக்கு அது வெற்றிடம். அதனால் அதன் ஓரங்களில் கட்டடங்கள் நெருங்கின, இடிபாடுகள் கொட்டப்பட்டன, பருவகாலக் கூட்டத்தில் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. அருகிலேயே ஒரு குகைத் தோட்டம் இருக்கிறது. குழந்தைகள் அங்கே குனிந்தும் தவழ்ந்தும் குகைகளுக்குள் புகுந்து மகிழ்கிறார்கள். அதற்குச் செல்பவர்கள் அந்தப் பள்ளத்தைக் கடந்துதான் போகிறார்கள். கீழே தாங்கள் படகில் சென்றுவந்த நீரின் ஒரு பகுதி இங்கிருந்து வந்தது என்று ஓட்டுநர் பெரும்பாலும் சொல்வதில்லை. அவரது பட்டியலில் அது இல்லை.